கவர்னர் துரைக்கு என்ன வேலை?

ஜூன் 12 நெருங்கினால் எங்கள் பக்கத்தில் எல்லோருடைய காதும் மேட்டூரில்தான் இருக்கும். அணையில் எத்தனை அடி நிற்கிறது, எத்தனை ஆயிரம் கனஅடி விடுகிறார்கள், கல்லணைக்கு எப்போது வரும், கடைமடைக்கு எப்போது வரும், குறுவைக்கு விதைநெல்லை ஊறப்போடலாமா என்று டீக்கடையில் வேறு பேச்சே இருக்காது. அப்படி ஒரு காலையில் பேப்பரை விரித்துவைத்திருந்த அக்கா மகள் கேட்டாள்: "மாமா, ஸ்டான்லி நீர்த்தேக்கம்னு போட்டிருக்கே, யாரு அந்த ஸ்டான்லி? அணை கட்டின இன்ஜினியரா?"

"இல்லம்மா. அப்போ மெட்ராஸ் கவர்னர்."

"கவர்னருக்கு அப்போ என்ன வேலை? மேல வைஸ்ராய் இருந்தார், கீழ கலெக்டர் இருந்தார், தஞ்சாவூர்ல ராஜா வேற இருந்தார். நடுவுல இவர் எதுக்கு?"

தஞ்சாவூர் ராஜா கதை அதற்கு ரொம்ப முன்னாலேயே, 1855இலேயே முடிந்துவிட்டது. மற்றபடி கேள்வி நியாயமானதுதான். அலட்டிக்கொள்கிறவனைப் பார்த்து "பெரிய லார்டு லபக்குதாஸ்" என்கிறோம். அந்த லார்டு என்னதான் செய்தார் என்று கேட்டால் பதில் வருவதில்லை. அன்றைக்கு அவளுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

டெல்டாக்காரர்களுக்கு இதை விளக்குவது எளிது. பண்ணைக் காரியஸ்தரை நினைத்துக்கொள்ளுங்கள். மிராசுதார் மெட்ராஸில் வக்கீலாக இருப்பார். நிலம் மன்னார்குடிப் பக்கம் கிடக்கும். ஆள் வைப்பது, கூலி அளப்பது, நெல்லை விற்பது, வாய்க்கால் தகராறைத் தீர்ப்பது எல்லாம் காரியஸ்தர். வயலில் நிற்பவருக்கு அவர்தான் எஜமான். ஆனால் அவர் மாதாமாதம் கணக்கு எழுதி அனுப்ப வேண்டும். பெரிய செலவு என்றால் முதலாளியின் கடிதம் வேண்டும். முதலாளிக்குப் பிடிக்கவில்லை என்றால் அடுத்த அறுவடைக்கு வேறு காரியஸ்தர்.

காலனிக் காலத்துக் கவர்னரும் கடலுக்கு அந்தப்பக்கம் இருந்த ஒரு முதலாளியின் காரியஸ்தர்தான். முதலில் அந்த முதலாளி ஒரு வியாபாரக் கம்பெனி, பிற்பாடு ராஜாவும் பார்லிமென்டும். ஒரு வித்தியாசம், இந்தக் காரியஸ்தரிடம் பீரங்கி இருந்தது. இன்னொன்று, பதினெட்டாம் நூற்றாண்டில் மெட்ராஸிலிருந்து லண்டனுக்கு ஒரு கடிதம் போய்ச் சேரவே ஆறு மாதம் ஆகும். கேட்டதற்குப் பதில் வர ஒரு வருடம். அந்த ஒரு வருடத்தில் என்ன வேண்டுமானாலும் நடக்கலாம். கவர்னரின் அதிகாரத்தில் பாதி சட்டத்திலிருந்து வந்தது என்றால், மீதி இந்தத் தூரத்திலிருந்து வந்தது.

கவர்னரின் வேலையைக் கண்ணாலேயே பார்க்க வேண்டுமானால் தரங்கம்பாடிக்குப் போங்கள். மயிலாடுதுறையிலிருந்து பஸ் இருக்கிறது. கடல் அரித்தது போக மிஞ்சியிருக்கும் மாசிலாமணிநாதர் கோயிலுக்குப் பக்கத்தில் டேனிஷ்காரர்களின் டான்ஸ்போர்க் கோட்டை. 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் ஒப்பந்தம் போட்டுக் கட்டியது. கீழ்த்தளத்தில் சரக்கு அறைகள், கூடவே சிறை. மேல்தளத்தில் கவர்னருக்கும் மூத்த வியாபாரிகளுக்கும் பாதிரியாருக்கும் இருப்பிடம். சுற்றிலும் மதில், கடலைப் பார்த்துப் பீரங்கி. அவ்வளவுதான் கட்டிடம், அதுவேதான் கவர்னரின் வேலைப் பட்டியலும். சரக்கு வாங்கிக் கப்பலில் ஏற்ற வேண்டும், சிப்பாய்களுக்குத் தலைவனாக இருக்க வேண்டும், ஊரில் வழக்கு வந்தால் தீர்க்க வேண்டும், குற்றவாளியைக் கீழே அடைக்க வேண்டும். தஞ்சாவூருக்கு ஆண்டுதோறும் கட்டவேண்டிய பணத்தைக் கட்டி நல்லுறவையும் காப்பாற்ற வேண்டும். ஆமாம், அந்த நாளில் டேனிஷ் கவர்னர் தஞ்சாவூருக்கு வாடகைதாரர் மாதிரிதான்.

இங்கே எனக்குப் பிடித்த ஆள் எஸ்கில் ஆண்டர்சன் கோங்ஸ்பாக்கே. ஐரோப்பாவில் டென்மார்க் சண்டைகளில் சிக்கிக்கொள்ள, 1643க்குப் பிறகு இருபத்தைந்து வருடத்துக்கு மேல் தரங்கம்பாடிக்கு ஊரிலிருந்து கப்பலே வரவில்லை. இருந்தவர்கள் ஒவ்வொருவராகச் செத்தார்கள், ஓடினார்கள். 1655 வாக்கில் கோட்டையில் மிஞ்சியது இவர் ஒருவர். உள்ளூர் ஆட்களை வைத்துக் கோட்டையைக் காத்தார், ஊரைச் சுற்றி மதில் எழுப்பினார், தஞ்சை நாயக்கரைச் சமாளித்தார். 1669இல் ஒருவழியாகக் கப்பல் வந்தபோதுதான் அவரைக் கவர்னராக்கும் முறையான உத்தரவும் வந்தது. பதினாலு வருடம் நியமனக் கடிதம் இல்லாமலேயே அந்த வேலையைப் பார்த்திருக்கிறார்!

இதற்கு எதிர்மாதிரி ஒன்றும் அதே கோட்டையில் நடந்தது. 1706இல் டென்மார்க் ராஜா அனுப்பி சீகன்பால்கு என்ற ஜெர்மன் பாதிரியார் தரங்கம்பாடிக்கு வந்தார். அப்போது இங்கே டேனிஷ் கம்பெனியின் தலைவராக இருந்த ஹாசியஸுக்கு அவரைக் கண்டாலே ஆகவில்லை. ஒரு ஏழை விதவையின் கடன் வழக்கில் சீகன்பால்கு பரிந்து பேசப்போக, 1708இல் அவரைப் பிடித்துக் கோட்டைக்குள் நாலு மாதம் அடைத்துவிட்டார். ராஜா அனுப்பிய ஆளையே கம்பெனியின் ஆள் சிறையில் போட முடிந்தது. நான் மேலே சொன்ன தூரம் என்பது இதுதான்.

தரங்கம்பாடியோடு முடியவில்லை. தெற்கே நாகப்பட்டினம் டச்சுக்காரர்களிடம் இருந்தது. 1690இல் பழவேற்காட்டிலிருந்து தலைமையிடத்தை நாகைக்கு மாற்றினார்கள். சோழமண்டலக் கரை முழுவதற்குமான டச்சு கவர்னர் இங்கேதான் உட்கார்ந்திருந்தார். அவருக்கு மேலதிகாரி பத்தாவியாவில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில். 1781இல் ஆங்கிலேயர் நாகையைப் பிடித்ததோடு அது முடிந்தது. இரண்டுக்கும் நடுவில் காரைக்கால், 1739 முதல் பிரெஞ்சுக்காரர்கள் கையில். அதற்குக் கவர்னர் பாண்டிச்சேரியில். தரங்கம்பாடியில் ஏறி நாகையில் இறங்க ஒரு மணி நேரம் சொச்சம் ஆகும். ஒரு காலத்தில் அந்த ஒரு மணி நேரப் பாதையில் மூன்று கவர்னர்களின் எல்லை வந்துபோகும், சுற்றியுள்ள வயல்களோ தஞ்சாவூர் ராஜாவுடையவை.

சரி, இப்போது பெரிய கவர்னருக்கு வருவோம்.

'மெட்ராஸ் பிரசிடென்சி' என்று பழைய பத்திரங்களில் பார்த்திருப்பீர்கள். அந்தப் பெயரிலேயே விஷயம் ஒளிந்திருக்கிறது. செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் கவர்னர் தனியாக ஆளவில்லை. ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் மூத்த ஊழியர்கள் கொண்ட ஒரு கவுன்சில் இருந்தது. அதற்கு அவர் பிரசிடென்ட், அதாவது தலைவர். அவர் தலைமையில் இருக்கும் பகுதி பிரசிடென்சி. உத்தரவுகள் 'கவுன்சிலோடு கூடிய கவர்னர்' பேரில்தான் போகும். படைக்கு உத்தரவு, வரி, வியாபாரம், ஊழியர் நியமனம், அக்கம்பக்கத்து ராஜாக்களோடு ஒப்பந்தம் எல்லாமே மெஜாரிட்டி ஓட்டில். ஓட்டு சமமாக இருந்தால் தலைவருக்குக் கூடுதலாக ஒரு ஓட்டு.

இந்த ஏற்பாட்டில் ஒரு ஓட்டை இருந்தது. கவர்னர் ஒருபக்கம், கவுன்சில் மெஜாரிட்டி மறுபக்கம் என்று நின்றால் அரசாங்கம் யார்? இந்தக் கேள்வி வெறும் சட்டப் பேச்சாக இல்லாமல் கைகலப்பாக வெடித்ததற்குக் காரணம் நம்ம ஊர் நெல். நம்பக் கஷ்டமாக இருக்கும், கேளுங்கள்.

1773இல் ஆற்காட்டு நவாப் முகமது அலி, கம்பெனிப் படையின் துணையோடு தஞ்சாவூரைப் பிடித்து ராஜா துளஜாவைச் சிறைவைத்தார். நவாப் தலைக்குமேல் கடன்காரர். கடன் கொடுத்தவர்களில் பலர் மெட்ராஸிலிருந்த ஆங்கிலேயர்கள், கம்பெனியில் சம்பளம் வாங்கிக்கொண்டே வட்டிக்கு விட்டவர்கள். தஞ்சாவூர் கைக்கு வந்ததும், கடனுக்கு ஈடாக அந்தச் சீமையின் வருமானத்தை எழுதிக்கொடுத்தார் நவாப். கதிர் முற்றும் முன்பே வியாபாரியிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு நெல்லை எழுதிக்கொடுப்பது நமக்குத் தெரியாததா? அதையேதான் ஒரு ராஜ்ஜிய அளவில் செய்தார்.

இந்த ஆக்கிரமிப்பு கம்பெனியின் லண்டன் டைரக்டர்களுக்குப் பிடிக்கவில்லை. ராஜாவைத் திரும்ப உட்காரவை என்று உத்தரவு போட்டு, முன்பே 1755 முதல் 1763 வரை கவர்னராக இருந்த ஜார்ஜ் பிகாட்டை மறுபடி அனுப்பினார்கள். பிகாட் 1776 ஏப்ரலில் தானே தஞ்சாவூர் வந்து துளஜாவை அரியணையில் ஏற்றினார்.

உடனே எழுந்தார் பால் பென்ஃபீல்டு. கம்பெனியில் சின்ன உத்தியோகம், சம்பளம் ஆண்டுக்குச் சில நூறு பவுன்தான். அவர் கொண்டுவந்த கணக்கோ வேறு. நவாப் தஞ்சாவூர் வருமானத்தின் மேல் தனக்கு எழுதிக்கொடுத்தது 1,62,000 பவுன், விளைச்சலை வைத்துக் குடிகளுக்குத் தான் கொடுத்த கடன் 72,000 பவுன். இப்போது ராஜா வந்துவிட்டார் என்பதற்காக என் நெல் எங்கே போகும் என்றார். களத்து நெல் யாருக்கு? ராஜாவுக்கா, கடன் கொடுத்தவருக்கா?

கவுன்சில் முதலில் பென்ஃபீல்டுக்கு எதிராகச் சொன்னது, பிறகு மெஜாரிட்டி அவர் பக்கம் சாய்ந்தது. ஏன் சாய்ந்தது என்பதை ஊகிக்கப் பெரிய புத்தி வேண்டாம், நவாபுக்குக் கடன் கொடுத்தவர்கள் எங்கும் இருந்தார்கள். அடுத்து, தஞ்சாவூருக்கு யாரை அனுப்புவது என்ற சண்டை. பிகாட் ரஸ்ஸல் என்பவரை அனுப்ப நினைத்தார். மெஜாரிட்டி கர்னல் ஸ்டூவர்ட்டை என்றது. தஞ்சாவூரில் இருக்கும் ஆள் யாரோ அவர் கையில்தான் நெல்லும் என்பது இரண்டு தரப்புக்கும் தெரியும்.

பிகாட் கூட்டத்தில் அந்தத் தீர்மானத்தை ஓட்டுக்கே விட மறுத்தார். கவர்னர் இல்லாமல் கவுன்சில் இல்லை என்பது அவர் வாதம். மெஜாரிட்டிதான் அரசாங்கம், கவர்னர் அதில் ஒரு ஓட்டு, அவ்வளவுதான் என்பது மற்றவர்கள் வாதம். அவரை மீறி இரண்டு உறுப்பினர்கள் உத்தரவில் கையெழுத்துப் போட, பிகாட் ஒரு தந்திரம் செய்தார். அந்த இருவர் மேலும் குற்றம் சாட்டினார். குற்றம் சாட்டப்பட்டவர் அந்த விஷயத்தில் ஓட்டுப் போடக் கூடாது என்பது விதி. ஓட்டு சமமானது. தன் கூடுதல் ஓட்டைப் போட்டு இருவரையும் இடைநீக்கம் செய்தார்.

மெஜாரிட்டி சும்மா இருக்கவில்லை. 1776 ஆகஸ்ட் 24 அன்று மாலை பிகாட் வண்டியில் போய்க்கொண்டிருந்தபோது சிப்பாய்கள் மறித்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்து கூடவே பேசிக்கொண்டு வந்தவர் அதே கர்னல் ஸ்டூவர்ட். அவர் சொல்லித்தான் மறியல். மாகாணத்தின் கவர்னரைப் பரங்கிமலைக்குக் கொண்டுபோய்க் காவலில் வைத்தார்கள். 1777 மே மாதம் காவலில் இருந்தபடியே அவர் இறந்துபோனார். பிகாட்டைத் திரும்பப் பதவியில் அமர்த்தச் சொல்லி லண்டன் முடிவெடுத்தது, கடிதம் வந்து சேரும்போது ஆள் இல்லை. அவரைப் பிடித்தவர்களில் நாலு பேர் மேல் பின்னால் லண்டனில் வழக்கு நடந்தது. தலைக்கு 1,000 பவுன் அபராதம். அதுவும் ஒரு தண்டனையா என்று எனக்கு இன்னமும் ஆறவில்லை.

இந்தக் கூத்துக்குப் பிறகு வந்த மாற்றம்தான் ஆரம்பநிலை வாசகர் மனதில் வைத்துக்கொள்ள வேண்டியது. 1773 சட்டப்படி போர், சமாதானம் ஆகிய விஷயங்களில் மெட்ராஸ் ஏற்கெனவே கல்கத்தா கவர்னர் ஜெனரலுக்குக் கட்டுப்பட்டது. கவுன்சில் மெஜாரிட்டியை மீறித் தன் பொறுப்பில் முடிவெடுக்கும் அதிகாரம் 1786இல் கவர்னர் ஜெனரலுக்குக் கிடைத்தது. 1793இல் அதை மெட்ராஸ், பம்பாய் கவர்னர்களுக்கும் கொடுத்தார்கள். பிகாட்டுக்கு இல்லாத ஆயுதம் அவருக்குப் பின்னால் வந்தவர்களுக்கு வந்துவிட்டது.

அதே காலத்தில் கவர்னரின் வேலையும் மாறியது. 1799இல் சரபோஜி மன்னர் கோட்டையையும் வருமானத்தில் ஒரு பங்கையும் வைத்துக்கொண்டு சீமையின் நிர்வாகத்தைக் கம்பெனியிடம் விட்டார். அதுவரை வியாபாரம் பார்த்த கவர்னர் இனி கிஸ்தி வசூலிக்க வேண்டும். ஒரு மனிதர் எப்படி வசூலிப்பார்? அதற்குத்தான் கலெக்டர். பெயரே வசூலிப்பவர் என்று சொல்கிறது. கிராமத்தில் கணக்குப்பிள்ளையும் பட்டாமணியமும், அவர்களுக்கு மேல் தாசில்தார், அவருக்கு மேல் கலெக்டர், கலெக்டருக்கு மேல் மெட்ராஸில் ரெவின்யூ போர்டு, அதற்கும் மேல்தான் கவர்னர். குடியானவன் வாழ்நாளில் அவரைப் பார்த்திருக்கமாட்டான். அநியாயம் நடந்தால் மனு எழுதுவான். அது கோட்டை வரை ஏறி, 'கலெக்டர் அறிக்கைக்கு' என்று குறிப்போடு திரும்பி அதே கலெக்டர் மேஜைக்கே வரும். இது இன்றைக்கும் பழக்கமான வழிதான்.

சட்டம் போடும் அதிகாரம் வந்துபோய்க்கொண்டிருந்தது. 1833இல் மெட்ராஸிடமிருந்து பிடுங்கிக் கல்கத்தாவிடம் கொடுத்தார்கள். 1861இல் திருப்பிக் கொடுத்தார்கள். செலவு செய்வதிலும் கை கட்டப்பட்டிருந்தது. கொள்ளிடம் பள்ளமாகிக்கொண்டே போய்க் காவிரியில் தண்ணீர் ஏறாமல் தஞ்சாவூர் வயல்கள் காய, முக்கொம்பில் மேலணையும் கொள்ளிடத்திலேயே கிழக்கே கீழணையும் கட்டவேண்டும் என்றார் ஆர்தர் காட்டன். 1836இல் வேலை நடந்தது. பொறியாளர் எழுதுவார், கவர்னர் பரிந்துரைப்பார், பெரிய தொகை என்றால் சரி சொல்ல வேண்டியது மேலே இருப்பவர்கள். இன்னொன்றையும் சொல்லாவிட்டால் மனசு ஆறாது. 1870களிலிருந்து கவர்னரும் அலுவலகமும் வெயில் காலத்தில் ஊட்டிக்கு ஏறிவிடுவார்கள். இங்கே குறுவை நாற்றுக்குத் தண்ணீர் வருமா என்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் மாதங்களில் மாகாண அரசாங்கமே குளிரில் சால்வை போர்த்திக்கொண்டு கோப்புப் பார்த்தது.

1919 சட்டத்தோடு இரட்டை ஆட்சி வந்தது. துறைகளை இரண்டு கூடையாகப் பிரித்தார்கள். கல்வி, சுகாதாரம், உள்ளாட்சி போன்றவை தேர்தலில் வென்று வந்த மந்திரிகளுக்கு. போலீஸ், நிலவரி, பாசனம் கவர்னரும் அவருடைய நிர்வாகக் கவுன்சிலும் வைத்துக்கொண்டது. அதாவது ஊருக்கு டிஸ்பென்சரி வேண்டுமென்றால் மந்திரியிடம் கேட்கலாம், வாய்க்காலில் தண்ணீர் வேண்டுமென்றால் கவர்னர் பக்கம்தான் போக வேண்டும். சட்டசபை போலீஸ் செலவைக் குறைத்து ஓட்டுப் போட்டாலும் 'இது அவசியம்' என்று கவர்னர் எழுதிவிட்டால் பணம் ஒதுக்கியதாகிவிடும். 1935 சட்டம் எல்லாத் துறையையும் மந்திரிகளிடம் கொடுத்தது, ஆனால் அமைதி, சிறுபான்மையினர் நலன் என்று சில 'சிறப்புப் பொறுப்புகளை' கவர்னர் பையில் போட்டது. அதைக் காட்டி அன்றாட ஆட்சியில் கவர்னர் தலையிடமாட்டார் என்று உறுதி கிடைக்கும் வரை 1937இல் காங்கிரஸ் பதவி ஏற்காமல் மாதக்கணக்கில் காத்திருந்தது. 1939இல் ராஜாஜி மந்திரிசபை விலகியதும் மொத்த ஆட்சியும் கவர்னர் கைக்குத் திரும்பி, 1946 வரை அங்கேயே இருந்தது.

இனி ஸ்டான்லி. ஜார்ஜ் ஃபிரெடரிக் ஸ்டான்லி 1929 முதல் 1934 வரை கவர்னர். போலீஸும் பாசனமும் அவர் கூடையில் இருந்தன என்று சொன்னேன் அல்லவா? இரண்டையும் டெல்டா பார்த்தது. 1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பெடுக்க நடந்தபோது, தொண்டர்களுக்குச் சோறோ தங்க இடமோ கொடுப்பவர்களுக்குத் தண்டனை என்று தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் எச்சரித்தார். சோற்றுப் பொட்டலத்தை மரக்கிளையில் கட்டிவைத்துவிட்டு ஒதுங்கி நின்றார்கள் என்று எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் சொல்வார்கள். அந்தக் கலெக்டரும் போலீஸும் ஸ்டான்லி அரசாங்கத்தின் ஆட்கள்.

அணை கதை வேறு. மைசூரோடு ஒப்பந்தம் 1924இல், வில்லிங்டன் கவர்னராக இருந்தபோது. கவர்னரின் நிர்வாகக் கவுன்சிலில் அதற்காக முட்டிமோதியவர் சி.பி. ராமசாமி ஐயர். வேலை தொடங்கியது 1925இல், அடுத்த கவர்னர் கோஷன் காலத்தில். முடிந்து திறந்தது 1934 ஆகஸ்ட் 21 அன்று. அப்போது நாற்காலியில் இருந்தவர் ஸ்டான்லி, பெயரும் அவருக்கே.

அதிலும் ஒரு சின்ன வேடிக்கை. அந்த வருடம் மே மாதம் ஸ்டான்லி தற்காலிக வைஸ்ராயாகப் போக, அவர் இடத்தில் மூன்று மாதம் தற்காலிகக் கவர்னராக இருந்தவர் முகமது உஸ்மான். தஞ்சாவூர்க்காரர். ஆகஸ்ட் நடுவில் ஸ்டான்லி திரும்பி வந்தார், அடுத்த சில நாளில் அணை திறப்பு.

அக்கா மகள் பேப்பரை மடித்தாள். "அப்போ ஸ்டான்லி ஒரு வாரம் லேட்டா வந்திருந்தா உஸ்மான் நீர்த்தேக்கமா மாமா?"

"தற்காலிகக் கவர்னர் பேரை வைப்பாங்களா? கல்வெட்டு அதுக்கு முன்னாடியே வெட்டி முடிச்சிருப்பாங்க" என்றேன்.